பிளஸ் என்றால் நமக்கு வருவது

அந்தத் தை மாதத்தில், காலை பதினோரு மணிக்கு எனக்கு ஒரு போன் வரும். வானம் தெளிவாக இருந்தால் வரும், மேகம் இருந்தால் வராது. டெல்லி வானத்தைச் சொல்லவில்லை. தை மாதத்து டெல்லியில் பத்தரை மணிவரைக்கும் வானம் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, அப்படி ஒரு மூடுபனி. நான் சொல்வது இங்கிருந்து ஓர் இரவு ரயில் தூரத்தில், ராஜஸ்தானின் மேற்குக் கோடியில் இருக்கும் வானம். அங்கே மணலுக்கு நடுவில் புதிதாக ஒரு சோலார் பிளாண்ட் கட்டி, கிரிட்டில், அதாவது மின்கட்டமைப்பில், சேர்த்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வெயில் நன்றாக அடிக்கிற நாளில் பதினோரு மணிவாக்கில் அது விழுந்துவிடும். விழுந்த பத்தாவது நிமிடம் என் போன் அடிக்கும்.

"சார், விழுந்துட்டு."

பேசுவது ஒரு பெண். அந்தப் பிளாண்ட்டின் எலக்ட்ரிக்கல் பொறுப்பு முழுக்க அவள் தலையில். வயது இருபத்தெட்டு, இருபத்தொன்பது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். நேரில் நான் பார்த்ததே இல்லை. வீடியோ மீட்டிங்கில் ஒரு மூலையில் சின்னக் கட்டமாக, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு தெரிவாள். நான் தஞ்சாவூர்க்காரன். டெல்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் வேலை, கிரிட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு மாதிரியாகக் கட்டிவைத்து, இன்ன இடத்தில் இன்ன பிளாண்ட் வந்து சேர்ந்தால் வோல்டேஜ் தாங்குமா தாங்காதா என்று ஓட்டிப் பார்த்துச் சொல்வது. இவளுடைய பிளாண்ட்டுக்கு, தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

தாங்கவில்லை என்பது தினமும் பதினோரு மணிக்குத் தெரிந்தது.

டெல்லி ஆர்.கே.புரத்தில் என் குவார்ட்டர்ஸ் மேல் மாடியில். கீழே இரண்டு வீட்டில் குழாயைத் திறந்தால் என் வீட்டுக் குழாய் நூலாக இளைத்துவிடும். தடித்த குழாயாக இருந்தால் யார் திறந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. பலவீனமான கிரிட் என்பது அவ்வளவுதான். அந்தப் பாலைவனத்துக் கோடியில் பெரிய அனல்மின் நிலையம் எதுவும் கிட்டத்தில் கிடையாது. ஒரே ஒரு நீளமான லைன். வெயில் ஏற ஏற அதில் மின்சாரம் கூடும், கூடக் கூட வோல்டேஜ் இறங்கும். அப்போது அதைத் தூக்கிப்பிடிக்க ரியாக்டிவ் பவர் என்று ஒன்று வேண்டும். அது விளக்கை எரிக்காது, மோட்டாரைச் சுற்றாது, மீட்டரில் பெரிதாகப் பேசப்படாது. ஆனால் அது இல்லாவிட்டால் வோல்டேஜ் நிற்காது. சோலார் பிளாண்ட் அதைக் கொடுக்கவும் செய்யும், இழுத்துக்கொள்ளவும் செய்யும். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று நாம் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். வோல்டேஜ் இறங்குகிற நேரத்தில் கொடுத்தால் பிழைத்தோம். இழுத்தால் வோல்டேஜ் இன்னும் சரியும், பிளாண்ட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள கிரிட்டிலிருந்து கழற்றிக்கொண்டு ஓடிவிடும். அதைத்தான் விழுந்துவிட்டது என்கிறோம்.

என் கம்ப்யூட்டரில் அது விழவே விழாது. நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன். பதினோரு மணி, பன்னிரண்டு மணி, உச்சி வெயில், எல்லாவற்றுக்கும் கல்லு மாதிரி நின்றது. ஆபீஸில் எல்லோரும் "வீக் கிரிட் ஹை ஸர், க்யா கரேங்கே", என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தார்கள். அவளுடைய கம்பெனியில், குர்காவ் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர்கள், தப்பு சைட்டில்தான் என்றார்கள். ஒவ்வொரு தடவை விழும்போதும் அவள் ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். எழுதி எழுதி அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

இவ்வளவு சொன்னவன் இதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் போனுக்காக நான் காத்திருந்தேன்.

என் போனில் வானிலை காட்டும் இடத்தில் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று டெல்லி, இன்னொன்று அந்தப் பாலைவனத்து ஊர். காலையில் எழுந்ததும் இரண்டாவதைத்தான் பார்ப்பேன். அங்கே சூரியன் படம் போட்டிருந்தால் எனக்கு ஒரு தெம்பு வந்துவிடும். மேகத்தின் படம் இருந்தால் அன்றைக்குப் பல் தேய்ப்பதில்கூட உற்சாகம் இருக்காது. பிளாண்ட் விழாமல் இருக்க வேண்டும் என்று சம்பளம் வாங்குகிறவன் நான். வெட்கக்கேடு.

என் மனைவி மகள் வீட்டுக்குப் புனே போய் மூன்று வருஷம் ஆகிறது. பேரன் பிறந்தபோது ஆறு மாதம் என்று போனாள். பேரன் நடந்தான், பேசினான், இப்போது நர்சரிக்குப் போகிறான். அவள் வரவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேசி அழைத்துவரலாம். தினமும் சாயங்காலம் போன் செய்வாள்.

"சாப்டாச்சா?"

"மணி ஆறு. இப்ப என்ன சாப்பாடு?"

"சரி, அப்பறம் சாப்பிடுங்க. இங்க நம்ம வீட்டுல கீஸர் ரிப்பேர். உங்க வீட்டுல தண்ணி வருதா?"

இருபத்தேழு வருஷம் அவள் கோலம் போட்ட வீடு இது. எப்போது இது 'உங்க வீடு' ஆனது, எப்போது புனே 'நம்ம வீடு' ஆனது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாமலேதான் வாயில் வந்திருக்கும். ஒரு நாள் கேட்டுவிடலாம் என்று நினைப்பேன். கேட்டால் அதற்கு ஒரு பதில் வரும். அதனால் "வருது, வருது" என்று தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். மகள் பேசும் தமிழில் பாதி ஹிந்தி. பேரன் என்னைப் பார்த்து "நானாஜி, ஹாய்" என்பான், தாத்தா என்று வராது. திரைக்குள் ஓடிவந்து ஓடிப்போய்விடுவான்.

ஆர்.கே.புரத்தில் இருந்துகொண்டு தமிழ் கேட்க ஆளில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். மலை மந்திர் முருகன் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் காது நிறையத் தமிழ்தான். ஆனால் அவரவர் அவரவர் குடும்பத்தோடு பேசிக்கொள்கிற தமிழ் அது. பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்க முடியுமா? சங்கம் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. பொங்கல் விழா பேனரில் 'தமிழ் சங்கம்' என்று 'ச்' இல்லாமல் அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். மேடை ஏறுவதற்கு முன்னால் அதைத் திருத்த வேண்டும் என்று நான் நின்றேன். "விடுங்க சார், இங்க பசங்க யாரு தமிழ் படிக்கறாங்க?" என்றார் செயலாளர். "படிக்கத் தெரியாதவனுக்குத் தப்பாத்தான் எழுதிக் காட்டுவீங்களோ?" என்று நான் கத்த, வார்த்தை தடித்து, சக்கரைப் பொங்கலைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். நாலு வருஷமாகிறது. ஒரு 'ச்'சுக்காக. என் முன்கோபம் எனக்கே தெரியும், என்ன செய்ய?

ஆகவே அந்தப் பதினோரு மணிப் போன்தான். "சார், விழுந்துட்டு" என்று ஆரம்பிப்பாள். எத்தனை மணி எத்தனை நிமிடம், விழுவதற்கு முன்னால் வோல்டேஜ் எவ்வளவு, எல்லாம் மளமளவென்று சொல்வாள். அது இரண்டு நிமிடம். மிச்சம் ஒரு எட்டு நிமிடம் மற்றதெல்லாம். அங்கே மெஸ்ஸில் சமைக்கிற ஆள் சாம்பாரில் சீனி போடுவது, ராத்திரி ஒட்டகம் வந்து வேலியில் முதுகு தேய்ப்பது. "சவம், அது தேய்க்க சத்தத்துல தூங்க முடியல சார்" என்பாள். நான் சிரிப்பேன். பக்கத்து மேஜைக்காரர், "ஸர்ஜி, பிளாண்ட் ட்ரிப் ஹுவா ஔர் ஆப் ஹன்ஸ் ரஹே ஹைன்?" பிளாண்ட் விழுந்திருக்கிறது, நீங்கள் சிரிக்கிறீர்களே என்று ஒரு நாள் கேட்டேவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் பதினோரு மணிக்கு அடித்தது. விவரமெல்லாம் சொல்லி முடித்தாள். குரல் கம்மியிருந்தது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல சார். நம்ம கல்யாணத்துக்கு லீவு தரமாட்டேங்காங்க."

"யாருக்கும் யாருக்கும்மா கல்யாணம்? எனக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே ஆயிடுச்சே!"

ஒரு நொடி புரியாமல் இருந்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ சார்! ஊர்ல அப்படித்தான் சார் சொல்றது. நம்மன்னா நாந்தான். எங்கன்னு சொன்னா வேத்தாள்ட்ட பேசுத மாதிரி இருக்கும்லா."

பிறகு விஷயத்தைச் சொன்னாள். கல்யாணம் அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் கால்நாட்டு, அதாவது பந்தக்கால் நடுவது. கால் நாட்டிவிட்டால் கல்யாணப்பெண் வீட்டு வாசல் தாண்டக் கூடாது என்பார்களாம். அந்தக் கால் நாட்டுகிறபோது பெண் வீட்டிலேயே இல்லையென்றால் ஊர் என்ன பேசும்? எப்படியாவது அதற்கு முந்தின நாள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். குர்காவ் ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம், ஏழு நாள் சேர்ந்தாற்போல் ஒரு தடவையும் விழாமல் பிளாண்ட் ஓடினால்தான் லீவு, இல்லாவிட்டால் சைட்டை விட்டு நகரக் கூடாது என்று.

"நாளையிலருந்து ஓடினாக்கூட அடுத்த செவ்வாயோட ஏழு நாள் ஆயிரும் சார். புதன்கிழமை கிளம்பினா வியாழக்கிழமை வீட்ல இருப்பேன். ஏதாவது பண்ணுங்க சார்."

"பாக்கறேன்மா" என்று வைத்தேன்.

கீழே போய் டீக்கடையில் நின்றேன். "பையா, ஏக் சாய்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சிரிப்பை நினைத்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன். நம்மன்னா நாந்தான். நம்மன்னா நாந்தான். குவளையை வாயில் வைக்கும்போது சுரீரென்றது, டீ அல்ல.

மார்கழி மாதத்தில், பிளாண்ட்டைச் சேர்ப்பதற்கு முன்னால், எந்த நேரத்தில் எவ்வளவு ரியாக்டிவ் பவர் என்ற அட்டவணையை நான்தான் எழுதி அனுப்பினேன். கொடுப்பதைப் பிளஸ் என்று போடுவதா, வாங்குவதைப் பிளஸ் என்று போடுவதா என்பதில் ஆளுக்கு ஒரு வழக்கம். மெயில் எழுதிக் கேட்டிருக்க வேண்டும். மெயிலில் கேட்டால் இங்கிலீஷில் 'டு தி கிரிட்' என்றோ 'டு தி பிளாண்ட்' என்றோ பதில் வந்திருக்கும். தமிழில் பேசுகிற ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் போனைப் போட்டேன்.

"உங்க கண்ட்ரோலர்ல பிளஸ்னு போட்டா என்னம்மா அர்த்தம்? கொடுக்கறதா, வாங்கறதா?"

"பிளஸ்னா நமக்கு வாரது சார்."

நமக்கு. நான் கிரிட்காரன். முப்பது வருஷமாக எனக்கு 'நாம்' என்றால் கிரிட்தான். நமக்கு வருவது என்றால் பிளாண்ட்டிலிருந்து கிரிட்டுக்கு வருவது, அதாவது பிளாண்ட் கொடுப்பது. காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணிவரைக்கும் பிளஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவள் சொன்ன நமக்கு அவளுடைய பிளாண்ட்டுக்கு. மரியாதைக்காக என்னையும் அதில் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். அவள் வெறுமனே 'எங்களுக்கு' என்று சொல்லியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. என்னைச் சேர்த்துக்கொண்டாளே என்று நானும் போய் அதற்குள் உட்கார்ந்துகொண்டேன். ஒரு 'ச்'சுக்காகச் சங்கத்தை விட்டவன், ஒரு 'நமக்கு'வை ஏன் என்று கேட்கவில்லை.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு மேலே ஓடினேன். மாடலில் அந்தப் பிளஸ்ஸையெல்லாம் மைனஸாக மாற்றி ஓட்டினேன். வோல்டேஜ் கோடு நேராகப் போய், வெயில் ஏற ஏறத் தொய்ந்து, பதினோரு மணிவாக்கில் பொத்தென்று விழுந்தது. அன்றைக்குக் காலை அவள் அனுப்பியிருந்த நிஜக் கோட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டன. பலவீனமான கிரிட்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது விழுந்துகொண்டிருந்தது என்னால். அது கை நீட்டிக் கேட்ட நேரத்தில் நான் இன்னும் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன்.

கிராஃபைச் சேமித்துவைத்தேன். மணி இரண்டுகூட ஆகவில்லை. போனைக் கையில் எடுத்தேன். பத்து விநாடிப் பேச்சு. "அம்மா, பிளஸ்ஸை மைனஸாக்கு. தப்பு என்னுது." நாளைக் காலை ஓட ஆரம்பித்துவிடும். வியாழக்கிழமை வீட்டில் இருப்பாள்.

போனைக் கீழே வைத்துவிட்டேன்.

கௌரவம் என்று ஒன்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். காலேஜில் சேர்ந்த பையன் செய்கிற தப்பை ரிட்டையராக இரண்டு வருஷம் இருக்கும்போது செய்தவன் என்ற பேர். ஆனால் அது பெரிய காரணம் இல்லை. சரியாகிவிட்டால் நாளை பதினோரு மணிக்குப் போன் வராது. அதுதான் காரணம். இன்னும் ஒரு தடவை சரிபார்ப்போம் என்றேன், வெள்ளிக்கிழமை மீட்டிங்தான் இதையெல்லாம் சொல்ல வேண்டிய இடம் என்றேன். என்னிடம் நானே இவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொல்வேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதன்கிழமை அடித்தது. "சார், விழுந்துட்டு." நான் வேண்டுமென்றே பேச்சை இழுத்தேன். இன்றைக்கு மெஸ்ஸில் என்ன, ஒட்டகம் வந்ததா, மாப்பிள்ளை என்ன செய்கிறார். அவள் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். ஆனால் நடு நடுவே, "சார், வேற ஏதாவது செட்டிங் மாத்திப் பாக்கலாமா?" என்று கேட்டாள். "ஸ்டடி பண்ணிட்டிருக்கேன்மா" என்றேன். நாக்கு அழுகவில்லை.

வியாழக்கிழமை அங்கே மேகம். போன் வராது என்று தெரியும். பதினோரு மணிக்கு மேஜைமேல் அதைப் பார்த்துக்கொண்டு வெட்டியாக உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அடித்தது.

"சார்! இன்னைக்கு விழல சார்! ஒரு நாள் ஆச்சு சார்!"

கணக்கில் ஒரு நாள் ஏறிவிட்டதாம். இன்னும் ஆறு நாள் இப்படியே ஓடினால், அடுத்த புதனோடு ஏழு. அன்றைக்கு ராத்திரியே கிளம்பி, பிளைட் பிடித்தாவது வியாழக்கிழமை ராத்திரிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். கிரிட் அவ்வளவு மோசமில்லை சார், பழகிக்கிட்டு வருதோ என்னவோ என்றாள். நாளைக்கு அங்கே சூரியன் என்று என் போனில் படம் போட்டிருந்தது. மேகம் விலகினால் மறுபடி விழும் என்று எனக்குத் தெரியும். ஏன் விழும் என்றும் தெரியும்.

"பாப்போம்மா" என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன். வழியில் கோயில் மணி அடித்தது, உள்ளே போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு அடித்தது.

"சார், விழுந்துட்டு. திரும்ப ஒண்ணுலருந்து." ஒரு சின்னச் சிரிப்பு. "அம்மாட்ட சொல்லிட்டேன் சார், கால்நாட்டுக்கு என்னையத் தேடாதீங்கன்னு."

நேரத்தையும் வோல்டேஜையும் சொல்லிவிட்டு அவளே வைத்துவிட்டாள். சீனி சாம்பார் இல்லை, ஒட்டகம் இல்லை. நான் பாவி. அப்போதும் உடனே கூப்பிட்டுச் சொல்லவில்லை. மூன்று மணி மீட்டிங்குக்குக் காத்திருந்தேன்.

திரையில் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள். மூலையில் மஞ்சள் ஹெல்மெட். தலைமையில் இருந்தவர் வழக்கம்போல "ஹான் ஜீ, தோ பிராப்ளம் க்யா ஹை?" என்று ஆரம்பித்தார். நான் மைக்கைத் திறந்தேன். தப்பு பிளாண்ட்டில் இல்லை, என் அட்டவணையில் என்று சொன்னேன். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் போட்டுவிட்டேன் என்றேன். கிராஃபைத் திரையில் காட்டினேன், எல்லோருக்கும் அனுப்பினேன்.

"கப் பதா சலா?" என்று கேட்டார். எப்போது தெரிந்தது?

"ஆஜ் ஸுபஹ்" என்றேன். இன்று காலை.

அவர் சிரித்தார். "அரே யார், பிளஸ் மைனஸ்! ஹோ ஜாதா ஹை. சலோ, கல் ஸே டீக் கர் தீஜியே." நடப்பதுதான், நாளையிலிருந்து சரி பண்ணிவிடுங்கள் என்றார். எல்லாக் கட்டங்களும் சிரித்தன. அவ்வளவுதான். மெமோ இல்லை, முறைப்பு இல்லை. எதற்குப் பயந்தேனோ அது ஒரு கொட்டாவி நேரத்தில் முடிந்துவிட்டது. அவளிடம் வாங்கிய விளக்கக் கடிதங்களையெல்லாம் ரத்து செய்யச் சொல்லி நான் கேட்டேன், சரி என்றார்கள். மஞ்சள் ஹெல்மெட் மைக்கைத் திறந்து "தேங்க்யூ சார்" என்றது. அந்த 'தேங்க்யூ'வுக்கு நான் அங்கேயே செத்திருக்கலாம்.

சனிக்கிழமையிலிருந்து பிளாண்ட் ஓடியது. உச்சி வெயிலில் ஓடியது. தப்பு அவளுடையது இல்லை என்று தெரிந்தும் குர்காவ் ஆபீஸ் ஏழு நாள் கணக்கை விடவில்லை. ஏழு நாளும் ஓடியது. அந்த ஏழாவது நாள்தான் கால்நாட்டு. அவள் பாலைவனத்தில் வோல்டேஜைக் குறித்துக்கொண்டிருக்க, திருநெல்வேலிப் பக்கத்தில் அவள் வீட்டு வாசலில் அவளில்லாமல் பந்தக்கால் நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். திங்கட்கிழமை கல்யாணம். பத்திரிகையை முன்னமே வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள், 'நம்ம கல்யாணம், கண்டிப்பா வரணும் சார்' என்று கீழே எழுதி. நல்லா இரும்மா என்று பதில் போட்டேன். மொய் அனுப்பக் கை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள் என்று ஒரு மெயிலின் அடியில் அவள் பேரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நானாகக் கூப்பிடவில்லை. மாசி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், நாலு மணி சுமாருக்கு, அவள் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவள் கூப்பிட ஒரு காரணமும் இல்லை. எனக்கு மனசு துள்ளிவிட்டது, மறைப்பானேன்.

"என்னம்மா, கல்யாணப் பொண்ணு! எப்படி இருக்கே?"

"நல்லாருக்கேன் சார். பிளாண்ட்டுக்கு ஃபைனல் ரிப்போர்ட் எழுதிட்டிருக்கேன். அதுல உங்க கிராஃபைச் சேக்கணும்."

"சேத்துக்கோ, சேத்துக்கோ."

"கீழ தேதி இருக்கு சார்."

அந்த சாஃப்ட்வேர், கிராஃபின் கீழ் மூலையில், ஓட்டிய தேதியையும் நேரத்தையும் பொடி எழுத்தில் தானாகவே அச்சிட்டுவிடும். முப்பது வருஷமாக அதைப் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து அது இருப்பதே மறந்துவிட்டது.

"செவ்வாக்கிழமை சார். மத்தியானம் ஒண்ணு அம்பது."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்ப மாட்டேன் என்றது. உன் தமிழைக் கேட்கத்தான் அம்மா, மூன்று நாள், மூன்றே நாள் அதிகமாகக் கேட்கத்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. அதைச் சொல்லி அவளிடம் மன்னிப்பும் வாங்கிக்கொள்வதா? அவளாகக் கேட்பாள் என்று காத்திருந்தேன். ஏன் சார் என்று அவள் கேட்கவில்லை.

"எங்க பிளாண்ட்டு இப்ப நல்லா ஓடுது சார்" என்றாள். "இனி ஏதாவதுன்னா உங்க ஆபீஸுக்கு நாங்க மெயில் போட்டுக்கிடுதோம்."

எங்க. உங்க. நாங்க. ஒரே மூச்சில் மூன்று. குரலில் கோபம் இல்லை. வேற்றாளிடம் பேசுகிற மாதிரி, சுத்தமாக, மரியாதையாகச் சொன்னாள்.

"சரிம்மா" என்றேன். வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸ் படிவத்தில் நான் ஒரு வரி சேர்த்தேன். பிளஸ் என்றால் கிரிட்டுக்கா, பிளாண்ட்டுக்கா என்று எழுத்தில் குறிப்பிடவும். 'நமக்கு' என்று எழுத வேண்டாம். ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் அதைப் படித்த பக்கத்து மேஜைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஸர்ஜி, யே 'ஹமேன்' கௌன் லிகேகா?" 'நமக்கு' என்று யார் எழுதப்போகிறார்கள் என்று சிரித்தார். தமிழ்ப் பிரச்னை, விடுங்கள் என்றேன்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல மனைவி போன் செய்தாள். சாப்டாச்சா என்றாள். உங்க வீட்டுல தண்ணி வருதா என்றாள். நான் ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு, "நம்ம வீட்டுக்கு எப்ப வர்றே?" என்று கேட்டேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"எந்த வீட்டச் சொல்றீங்க?"

ஆர்.கே.புரம் என்று சொன்னேன். பார்க்கலாம் என்றாள். கோடை லீவு வரட்டும் என்றாள்.

அந்தப் பாலைவனத்து ஊர் இன்னும் என் போனில் டெல்லிக்குக் கீழே இருக்கிறது. தினமும் அங்கே சூரியன்தான். பதினோரு மணிக்குப் போனை மேஜைமேல் எடுத்து வைக்கிறேன். பதினொன்றேகால் ஆகும், பதினொன்றரை ஆகும். அடிக்காது. பிளாண்ட் நன்றாக ஓடுகிறது.